கூட்டத்தில் விட்ட கை

மதுரையிலிருந்து ஒரு வாசகி ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 33. பிறந்து வளர்ந்தது ஈரோடு. கல்யாணமாகி மதுரைக்கு வந்து எட்டு வருடம், நாலு வயதில் ஒரு மகள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

இவரும் கணவரும் திருவிழாப் பைத்தியங்கள் (அவர் வார்த்தைதான்). நிச்சயம் முடிந்தபின் இருவரும் முதலில் சேர்ந்து போன இடமே ஈரோடு புத்தகத் திருவிழா, வ.உ.சி. பூங்கா மைதானத்தில். அப்புறம் தெப்பக்குளத்தில் தைத் தெப்பம், அழகர்கோவில் ஆடித் தேர், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்று வருடம் முழுக்க ஊர் சுற்றல். “எங்களுக்குள் சண்டை வந்தால்கூட ஏதாவது ஒரு திருவிழாவில்தான் சமாதானம் ஆவோம்” என்கிறார்.

போன சித்திரையில் அது மாறிப்போனது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது அவருக்குத் தண்ணீர் பீய்ச்சுவது கணவர் வீட்டில் மூன்று தலைமுறை நேர்த்தி. அன்று விடியற்காலை கணவர் வேஷம் கட்டி, தோளில் தோல் பையோடு ஆழ்வார்புரத்தில் ஆற்றங்கரையில் நிற்கிறார், ஒரு கையில் மனைவியைப் பிடித்தபடி. குழந்தை வீட்டில் மாமியாரிடம். தங்கக் குதிரை வருகிறது என்று யாரோ குரல் கொடுக்க, பின்னாலிருந்து ஒரு தள்ளு. கை விட்டுப்போனது. இவருக்குக் கால் தரையில் படவில்லை, மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஓர் அம்மா இவர் கொண்டையைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் உட்காரவைத்து, அழகருக்குக் காட்டக் கொண்டுவந்த சர்க்கரைச் செம்பின் இலையைக் கிழித்து, ஒரு பிடி சர்க்கரையை இவர் வாயில் போட்டிருக்கிறார். ஒரு கால் மெட்டியும் இரண்டு செருப்பும் போயின. முக்கால் மணி நேரம் கழித்துக் கணவர் நனைந்த உடம்போடு, சிரித்த முகமாக வந்து கேட்டது: “பாத்தியா, சாமி எம்புட்டு அழகு!”

அதன் பிறகு தூக்கம் சரியில்லை. தமுக்கம் மாநாட்டு மையத்தில் நடந்த மதுரைப் புத்தகத் திருவிழாவில் பில் போட வரிசையில் நின்றவர், நெஞ்சு படபடத்து, கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடிவந்திருக்கிறார். செப்டம்பரில் கரூர் நெரிசலில் 41 பேர் இறந்த செய்தியை டிவியில் பார்த்த இரவு முழுக்க உட்கார்ந்தே இருந்தாராம். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பாதி மாத்திரையில்தான் சில நாள் தூங்குகிறார்.

இப்போது சித்திரைக்கு இரண்டு மாதம் இருக்கிறது. “வந்து நின்னாத்தான் பயம் தெளியும்” என்கிறார் கணவர். “அழகரைப் பார்க்க வராமல் இருந்தால் குத்தம்” என்கிறார் மாமியார். மகளுக்கும் குட்டி வேஷம் தைக்கக் கொடுத்தாயிற்று, கணவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகப்போகிறாராம். வாசகியின் கேள்விகள்: எனக்கு மனநோயா? மனநல டாக்டரைப் பார்த்தால் நாளைக்கு அதையே காரணம் காட்டி விவாகரத்து கேட்க முடியுமா? போய் நின்றால் பயம் போய்விடுமா? குழந்தையை அனுப்பலாமா? கடைசியாக மெட்டி பற்றியும் ஒரு கேள்வி.

சகோதரி, உங்கள் கடிதத்தில் கூட்டம் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கை விட்டுப்போன விஷயம் ஒரே ஓர் இடத்தில், அதுவும் அடைப்புக்குறிக்குள்: “(அவர் கையை விட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை).” ஆலோசனை கேட்டு என் அறைக்கு வருகிறவர்கள் ஒரு மணி நேரம் என்னென்னவோ பேசிவிட்டு, எழுந்து செருப்பு மாட்டும்போது ஒன்று சொல்வார்கள். அதைச் சொல்லத்தான் வந்திருப்பார்கள். உங்கள் அடைப்புக்குறியும் அப்படித்தான் எனக்குத் தெரிகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உடம்பு.

உடம்புக்கு நடந்தது என்ன?

“எல்லாரும் தாங்கிக்கொண்டார்கள், நான்தான் பயந்துவிட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ஒரு சதுர மீட்டர் இடத்தில் நாலைந்து பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் கூட்டம் தனித்தனி ஆட்களாக இருப்பதில்லை, தண்ணீர்போல அலையடிக்க ஆரம்பித்துவிடும். எங்கோ பின்னால் ஒருவர் தள்ளியது முன்னால் நிற்பவரின் நெஞ்சில் வந்து இறங்கும். நெரிசலில் இறப்பவர்கள் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சடைத்து இறக்கிறார்கள். கால் தரையில் படவில்லை, மூச்சை இழுக்க முடியவில்லை என்று நீங்கள் எழுதிய இரண்டும் அதன் ஆரம்பம்தான். 2022இல் இதே வைகையில், அழகர் இறங்கிய அன்று, நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஆகவே நீங்கள் இல்லாத ஆபத்தைக் கற்பனை செய்து பயந்தவர் அல்ல. இருந்த ஆபத்திலிருந்து ஒரு முன்பின் தெரியாத அம்மாவின் கைபலத்தால் வெளியே வந்தவர்.

தமுக்கத்தில் நடந்தது வேறு. அங்கே உங்களை யாரும் நெருக்கவில்லை. ஒருமுறை வீடு தீப்பிடித்துப் பார்த்தவர் ஊதுபத்திப் புகைக்கும் பதறி எழுவார் இல்லையா, அதேபோல உங்கள் உடம்பு பில் வரிசையை ஆற்றங்கரை என்று நினைத்துக்கொண்டது. படபடப்பு, கை மரத்துப்போவது, ‘இதோ செத்துவிடுவேன்’ என்ற நினைப்பு எல்லாம் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாக இறங்கும். பயங்கரமாக இருக்கும், ஆனால் உயிரை எடுக்காது. மறுபடி வந்தால் ஓடாமல், ஓரமாக ஒரு சுவரில் முதுகைச் சாய்த்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை மெதுவாகச் செய்து பாருங்கள்.

இது மனசுதான் என்று நானே முடிவு கட்டவும் கூடாது. ரத்தசோகை, தைராய்டு, இதயத்துடிப்புக் கோளாறு எல்லாமே படபடப்பாக வரலாம். உங்கள் வழக்கமான டாக்டரிடம் போய் ஹீமோகுளோபின், தைராய்டு, ஒரு இசிஜி பார்த்துவிடுங்கள். அக்கா கொடுத்த பாதி மாத்திரையை இனி வாங்க வேண்டாம். அவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை அவருக்குத்தான். தூக்க மாத்திரைகளில் பல, பழகிவிட்டால் விடுவது பெரும்பாடு. தினமும் எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிக் குறையுங்கள்.

டாக்டரைப் பார்த்தால் கோர்ட்டில் காட்டுவார்களா?

கனவு, திடுக்கிடல், இடங்களைத் தவிர்ப்பது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. உங்களுக்கு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. பேச்சு வழியான சிகிச்சையிலேயே நன்றாகக் குணமாகும் பிரச்சினை இது, சிலருக்குக் கொஞ்ச காலம் மருந்தும் தேவைப்படும். அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டை விட்டுப் போக முடியாத நாளில் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலிமானஸ்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

விவாகரத்துப் பயத்தை உங்கள் நாத்தனார் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை கிளப்பிவிட்டிருக்கிறது. நான் வக்கீல் அல்ல, ஆனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருவதால் அடிப்படை தெரியும். இந்து திருமணச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்வது, குணப்படுத்த முடியாத அளவுக்குப் புத்தி பேதலித்த நிலை, அல்லது சேர்ந்து வாழ்வதையே எதிர்பார்க்க முடியாத அளவுக்கான மனக்கோளாறு. கூட்டத்தில் படபடப்பு வருவது அதன் கிட்டேகூட வராது. 2017ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம், சில குறிப்பிட்ட சூழ்நிலைகள் தவிர டாக்டர் யாரிடமும் சொல்லக்கூடாது. ஒருவருக்கு மனநோய் என்று எழுதிவிட்டதாலேயே அவரைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. மருந்துச் சீட்டுக்குப் பயந்து மருந்தை விட்டுவிடாதீர்கள்.

வந்து நின்றால் தெளியுமா?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. பயந்த இடத்தைத் தவிர்த்துக்கொண்டே இருந்தால் பயம் ஊறித்தான் போகும். முதலில் ஆறு, அப்புறம் புத்தகத் திருவிழா, அப்புறம் பஸ், அப்புறம் மார்க்கெட் என்று உலகம் சுருங்கிக்கொண்டே வரும். ஆனால் மறுபாதி முழுத் தப்பு. நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளுவது பழைய வைத்தியம். பிழைத்தவர்கள்தான் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அந்த அரை மணி நேரம்தான் மதுரையிலேயே நெருக்கடியான அரை மணி நேரம். முதல் படியாக அதை எடுக்கவே கூடாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஈரோட்டிலிருந்து வந்த உங்களுக்கு இந்தத் திருவிழா ஆறு என்ற ஒரே இடமாகத் தெரிகிறது. நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். அழகர் 20 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வருகிறார், வழியில் நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில், அதாவது சாமி நின்று தரிசனம் தரும் மண்டபங்களில், நின்று நின்று வருகிறார். ஆற்றில் இறங்கி முடித்து, வண்டியூர் போய், தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுத்து, ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம் காட்டி, தல்லாகுளத்தில் பூப்பல்லக்கு ஏறி, நின்று நின்றே மலைக்குத் திரும்புகிறார். ஆற்றைத் தவறவிட்டவர் அழகரைத் தவறவிட்டவர் இல்லை. அந்த மனுஷன் இத்தனை பேர் வாசலுக்கு வந்து நிற்பதே எல்லாரும் ஆற்றுக்கு வர முடியாது என்பதால்தான் என்று என் அம்மா சொல்வார். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். குத்தம் என்ற பேச்சுக்கு என் பதிலைவிட இது எடுபடும்.

ஆகவே உங்களுக்கான வரிசையை நீங்களே எழுதுங்கள், டாக்டர் பார்த்தபின் அவரோடு சேர்ந்து. முதல் வாரம், கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஆழ்வார்புரம் போய் அந்தச் சுவரோரம் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஆறு அப்போது வெறும் ஆறாகத்தான் இருக்கும், புல் மேயும் மாடுகளோடு. படபடப்பு ஏறும், இறங்கும். இறங்கிய பிறகு கிளம்புவதுதான் முக்கியம். ஏறும்போதே ஓடிவந்தால் ஓட்டம்தான் காப்பாற்றியது என்று உடம்பு கணக்கு எழுதிக்கொள்ளும். அடுத்து ஒரு வார நாள் காலையில் மீனாட்சி கோவில், ஆடி வீதியில் ஒரு சுற்று. அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. இதெல்லாம் முடிந்தால், திருவிழாவில் பகல் நேரத்து மண்டகப்படி ஒன்று. மலைக்குத் திரும்பும் வழியில் அப்பன்திருப்பதி பக்கம் பார்ப்பது இன்னும் லகு, நின்று மூச்சு விட்டுக் கும்பிடலாம். திருக்கல்யாணத்தன்று வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் எத்தனையோ பெண்கள் இந்த ஊரில் உண்டு. அவர்களை யாரும் குறை சொல்வதில்லை.

இந்த வருடம் எந்தப் படியில் நிற்கிறீர்களோ அங்கேயே நின்றுகொள்ளலாம். சித்திரை அடுத்த வருடமும் வரும்.

மகள் விஷயத்தில்

இதில் பேரம் பேச ஒன்றுமில்லை. நாலு வயதுக் குழந்தையை ஆற்றில் இறங்கும் நேரத்துக்கு ஆழ்வார்புரத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது. தோளில் இருந்தால் பத்திரம் என்று உங்கள் கணவர் நினைக்கிறார். மேலே காற்று வரும் என்பது உண்மைதான். ஆனால் தூக்கியிருப்பவர் தடுமாறினால் ஆறடி உயரத்திலிருந்து விழப்போவது குழந்தை. அவர் கையில் தோல் பை இருக்கும், அதன் மூக்கைப் பிடித்துத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். போன வருடம் ஒரு கையால் பெரியவர் ஒருவரையே பிடித்து நிற்க முடியவில்லை. தாயாக நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் அது பயம் பேசுவது அல்ல, சரியான கணிப்பு.

வேஷம் தைத்தாயிற்றே? போடட்டும். ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையன்று உங்கள் வீட்டுக்குக் கிட்டே உள்ள மண்டகப்படியில், கூட்டம் சேருவதற்கு முன்பே போய், வெளியே வர வழியிருக்கும் ஓரமாக நின்று பார்க்கலாம். குழந்தையின் கையில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். ஆளுக்கொரு பக்கம் போய்விட்டால் எங்கே வந்து சேர்வது என்று முதலிலேயே ஓர் இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் போன் எடுக்காது. நின்ற இடத்தில் முன்னும் பின்னும் தோள்கள் இடிக்க ஆரம்பித்தால் அதுதான் கிளம்ப வேண்டிய நேரம், சாமி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, எதிர்த்துத் தள்ளாமல், அலை ஓயும் ஒவ்வொரு முறையும் குறுக்குவாக்கில் ஓரத்துக்கு நகருங்கள். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்கவே கூடாது.

அந்தக் கை

இப்போது அடைப்புக்குறிக்கு வருவோம். அவர் வேண்டுமென்று விடவில்லை. அந்த நெருக்கில் யார் கையும் நிற்காது. இது உங்களுக்கே தெரியும், அதனால்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதினீர்கள். ஆனால் வலித்தது கை விட்டது மட்டுமல்ல என்று நினைக்கிறேன். முக்கால் மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டு வந்தாரே, அது. ஒருத்தி செத்துப் பிழைத்து வாயில் சர்க்கரையோடு உட்கார்ந்திருக்கிறாள், அவருக்கு அது தெரியவே இல்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அன்று நடந்ததை முழுசாக அவரிடம் நீங்கள் சொன்னதாக எங்கேயும் இல்லை. “கொஞ்சம் நெரிசலாகிவிட்டது, மெட்டி போய்விட்டது” என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். அவர் அறிந்தது தொலைந்துபோன ஒரு மெட்டியை. நீங்கள் பயப்படுவது மூச்சு நின்றதற்கு.

இன்னொன்றும் தோன்றுகிறது. சண்டை வந்தால் திருவிழாவில்தான் சமாதானம் ஆவோம் என்றீர்களே. “வா, வந்து நில்லு” என்று அவர் விடாமல் கூப்பிடுவது அதே பழைய வழியாக இருக்கலாம். ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிகிறது, எது என்று தெரியவில்லை, தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்கிறார். இது என் ஊகம், அவரைக் கேட்டால்தான் தெரியும்.

எப்போது பேசுவது? வேஷம் கட்டும் வாரத்தில் வேண்டாம், இப்போதே. மாமியாரும் குழந்தையும் இல்லாத ஒரு மாலை. “நேர்த்தியை விடு” என்று ஆரம்பிக்காதீர்கள். மூன்று தலைமுறையை ஒரு பேச்சில் விடச்சொன்னால் அவர் காது அடைத்துவிடும், அது உங்களுக்கு வேண்டியதும் அல்ல. “என்மேல் பாசம் இருந்தால் போகமாட்டார்” என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பரீட்சையை வைக்காதீர்கள். போனால் நீங்கள் தோற்றதாக நினைப்பீர்கள், போகாவிட்டால் அவர் வருடம் பூரா மனசுக்குள் உங்களைக் குற்றம் சொல்வார். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். கால் தரையில் இல்லை. மூச்சு வரவில்லை. பாப்பா ஞாபகம் வந்தது. யாரோ ஓர் அம்மா சர்க்கரை போட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். அதற்குமேல் விளக்கம் வேண்டாம், அவர் பேசட்டும்.

அப்புறம் நடைமுறைக்கு வாருங்கள். தண்ணீர் பீய்ச்சும் நேர்த்தியை ஆற்றங்கரையில்தான் முடிக்க வேண்டும் என்றில்லை, ராமராயர் மண்டபத்துத் தீர்த்தவாரியில்தானே நிறையப் பேர் முடிக்கிறார்கள். அவர் தன் அண்ணன் தம்பிகளோடு போய் அதை முடிக்கட்டும். அன்று நீங்களும் மகளும் வேறிடத்தில். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ மூன்று பேரும் சேர்ந்து, அவர் வேஷமில்லாமல், இரண்டு கையும் சும்மா இருக்கும்போது ஒரு மண்டகப்படி. ஜோடியாகத் திருவிழாவுக்குப் போவது என்றால் எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டே நிற்க வேண்டும் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை.

சொன்ன பிறகும் கேலி செய்கிறார், குழந்தையை மல்லுக்கட்டித் தூக்கிக்கொண்டு போகிறார், டாக்டரிடம் போகவிடாமல் தடுக்கிறார் என்றால் அது வேறு பிரச்சினை. அப்போது 181 மகளிர் உதவி எண்ணில் பேசுங்கள், குடும்ப ஆலோசகர் ஒருவர் முன்னால் இருவரும் உட்காருங்கள். உங்கள் கடிதத்தில் தெரிகிற மனிதர் அந்த ரகம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

கடைசிக் கேள்வி. ஒரு மெட்டி தொலைந்ததால் இன்னொன்றையும் கழற்றி வைத்துவிட்டீர்கள், சித்திரைக்கு முன் புது மெட்டி போட்டே ஆக வேண்டும் என்று மாமியார் சொல்கிறார், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். போடுவதென்றால் மாமியார் வாங்கி வர வேண்டாம். அந்தப் பேச்சைப் பேசி முடித்த பிறகு நீங்கள் இருவருமே தெற்கு ஆவணி மூல வீதிக்குப் போய்ப் பார்த்து எடுங்கள். வார நாளில் கடை திறந்ததும் போய்விட்டால் வீதியில் அவ்வளவாகக் கூட்டம் இருக்காது.